திருகோணமலையில் இருந்துகொண்டு பேச்சுத் தமிழ் படிப்பிக்க: புதிதாகத் தொடங்குவோருக்கு

உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாத தாய்மார். இந்த மூன்று பகுதியினரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்து உழைக்கலாமா? உழைக்கலாம். ஆனால் ‘தமிழ் எங்கட தாய்மொழிதானே’ என்ற ஒன்றை மட்டும் நம்பி இறங்கினால், இரண்டாம் மாதம் பிள்ளை வகுப்புக்கு வராது. பெற்றோர் ‘பரீட்சை கிடக்கு, பிறகு பாப்பம்’ என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

சோதனைக்குத் தமிழ் படிப்பிப்பதைப் பற்றி இங்கே எழுதவில்லை. பேச்சு மட்டும். இரண்டும் வேறு வேறு தொழில்.

யாருக்கு?

மாணவர்களில் பெரும்பகுதி கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா என்று போன எங்கள் சனத்தின் பிள்ளைகள். இவர்களைத் தமிழ் தெரியாத பிள்ளைகள் என்று நினைத்துத் தொடங்கக் கூடாது. அம்மாவும் அப்பாவும் கதைப்பது முக்கால்வாசி விளங்கும். வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் அ, ஆ எழுதியிருக்கும். ஆனால் அம்மம்மா போனில் வந்தால் ‘ஓம்’, ‘இல்லை’, ‘சாப்பிட்டன்’ என்ற மூன்று பதிலோடு போனை அம்மாவிடம் கொடுத்துவிடும். பெற்றோர் உங்களுக்குக் காசு தருவது அந்த நாலாவது பதிலுக்காகத்தான்.

அடுத்து வளர்ந்தவர்கள். தமிழ்ப் பெண்ணைக் கட்டிய வெள்ளைக்கார மாப்பிள்ளை, சின்ன வயதில் தமிழை விட்டுவிட்டு இருபத்தைந்து வயதில் தேடி வருகிறவர். இவர்கள் தொகையில் குறைவு. ஆனால் சொன்ன நேரத்துக்கு வருவார்கள், வீட்டுவேலை செய்வார்கள், காசு பிந்தாது.

ஊருக்குள்ளேயே இன்னும் இரண்டு வகை உண்டு. தமிழ் படிக்க வேண்டியிருக்கும் சிங்கள உத்தியோகத்தர்கள், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர்கள். அவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். தொடங்கும்போது ஒரு வகையை மட்டும் பிடியுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கும் பொலிஸ் சார்ஜன்ட்டுக்கும் ஒரே கிழமையில் பாடம் தயாரிப்பது முறிக்கிற வேலை.

முதலில் உங்கள் தமிழை நீங்களே கேளுங்கள்

நாங்கள் தமிழைப் பிழையில்லாமல் பேசுகிறோம். ஏன் அப்படிப் பேசுகிறோம் என்று கேட்டால் முழிக்கிறோம். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை ‘நான் பசி’ என்று சொல்லும். ‘நான் குளிர்’ என்று சொல்லும். அது ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் போடுகிறது. ‘அப்படி இல்ல, எனக்குப் பசிக்குது’ என்று நீங்கள் திருத்துவீர்கள். அடுத்த நிமிடம் ‘எனக்குப் போறன்’ என்று வரும். இதில் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை; எங்கே ‘நான்’, எங்கே ‘எனக்கு’ என்று நாங்கள் காட்டிக் கொடுக்கவில்லை.

ஆகவே வகுப்புத் தொடங்க முன்னர் ஒரு கொப்பியில் ‘எனக்கு’ என்று தொடங்கும் வசனங்களை எழுதுங்கள்: பசிக்குது, குளிருது, தெரியும், விளங்குது, வேணும், பிடிக்கும், ஏலாது, காய்ச்சல், நோகுது. பக்கத்தில் ‘நான்’ என்று தொடங்குபவற்றை எழுதுங்கள்: போறன், வாறன், சாப்பிடுறன், விளையாடுறன். எழுதி முடிக்கும்போது உங்களுக்கே விளங்கிவிடும்: நாங்களாகச் செய்வது பெரும்பாலும் ‘நான்’ பக்கம், எங்களுக்கு நேர்வது, தோன்றுவது பெரும்பாலும் ‘எனக்கு’ பக்கம். இதை இலக்கணமாகப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம். ஒரு வகுப்பு முழுக்க ‘யாருக்கு?’ என்று மட்டும் கேளுங்கள். ‘யாருக்குக் குளிருது?’ ‘எனக்கு!’ ‘யாருக்கு ஐஸ்கிறீம் வேணும்?’ ‘எனக்கு! அக்காவுக்கு வேண்டாம்!’ அந்த ‘அக்காவுக்கு வேண்டாம்’ தானாக வந்தால் அன்றைய வகுப்பு வெற்றி.

இப்படியே இன்னும் சில கொப்பிப் பக்கங்கள் தேவைப்படும். வாறன், வந்தன், வருவன் என்று காலம் மாறுவதற்கு ஒன்று. வீட்டுக்கு, வீட்டில, வீட்டில இருந்து என்று இடம் சொல்வதற்கு ஒன்று. போறன், போறாய், போறான், போறா, போறார் என்று ஆளுக்கு ஆள் வால் மாறுவதற்கு ஒன்று. இந்த நாலும் கையில் இருந்தால் முதல் மூன்று மாதம் ஓடும்.

எந்த ஊர்த் தமிழ் என்ற கேள்வி கட்டாயம் வரும். விடை சுலபம்: பிள்ளை யாரோடு கதைக்க வேண்டுமோ அவருடைய தமிழ். யாழ்ப்பாணத்து அம்மம்மாவா, மட்டக்களப்பு அப்பப்பாவா, கிண்ணியாவில் இருக்கும் உம்மம்மாவா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைக்கு அப்பா, அக்கா என்று உறவுமுறை படிப்பித்தால் வீட்டில் அதற்கு வேலையே இல்லை. அங்கே வாப்பா, ராத்தா. இந்தியக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை ‘அம்மம்மா என்னோட பேசினா’ என்று சொன்னால், இங்கே கிழவி பிள்ளையை ஏசிவிட்டாள் என்றுதான் சனம் நினைக்கும். ‘கதைச்சா’ என்று மாற்றிக் கொடுங்கள், அவ்வளவுதான். சென்னைத் தமிழ் பிழை, எங்கள் தமிழ் சரி என்று வகுப்பில் விளக்கம் கொடுக்கப் போகாதீர்கள்.

நேரம்: இதில்தான் கூடுதலானவர்கள் சறுக்குவது

எங்கள் நேரம் வருடம் முழுக்க ஒன்றுதான். அவர்களுடைய நேரம் வருடத்தில் இரண்டு முறை மாறும். ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் எங்களுக்கு இரவு 7.30, மணிக்கூட்டை முன்னே தள்ளிய பிறகு மாலை 6.30. லண்டனில் பின்னேரம் 5 மணி எங்களுக்கு குளிர்காலத்தில் இரவு 10.30, கோடையில் 9.30. பாரிஸ், சூரிச், ஒஸ்லோ மூன்றுக்கும் அதே பின்னேரம் 5 மணி, எங்களுக்கு குளிர்காலத்தில் இரவு 9.30, கோடையில் 8.30.

கனடாப் பிள்ளைக்கு வார நாளில் பாடசாலை விட்ட பிறகு வகுப்பு வைக்க யோசிக்கவே வேண்டாம். அங்கே பின்னேரம் 5 மணி என்றால் இங்கே விடியப்புறம் 3.30 அல்லது 2.30. கனடாவுக்குச் சனி, ஞாயிறு மட்டும். ஐரோப்பாவுக்கு வார நாள் இரவு. பகலில் சும்மா இருக்கிறவர்கள் அவுஸ்திரேலியாவைத் தேடுங்கள்: சிட்னி, மெல்பேர்ணில் பின்னேரம் 5 மணி எங்களுக்கு அவர்களுடைய கோடையில் காலை 11.30, குளிர்காலத்தில் பகல் 12.30. குழந்தை நித்திரை கொள்ளும் நேரத்தில் ஒரு வகுப்பை முடித்துவிடலாம்.

ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நேரம் மாறும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும். அவுஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலங்களில் ஏப்ரல் முதல் ஞாயிறும் ஒக்ரோபர் முதல் ஞாயிறும். மார்ச் நடுப்பகுதியில் ரொறன்ரோ மாறியிருக்கும், லண்டன் மாறியிருக்காது. இந்த ஆறு நாளையும் சுவர்க் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எல்லாப் பெற்றோருக்கும் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். நேரத்தை எப்போதும் அவர்களுடைய மணிக்கூட்டிலேயே சொல்லுங்கள். மாற்றிக் கணக்குப் பார்ப்பது உங்கள் வேலை.

சாமான்கள்

மடிக்கணினி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நல்ல போனும் அதை நிறுத்தி வைக்க ஒரு தாங்கியும் போதும். மைக் உள்ள ஹெட்செட் கட்டாயம் வேண்டும்: மின்விசிறிச் சத்தம், காகம், கோயில் ஸ்பீக்கர் மூன்றும் உங்களுக்குப் பழகிவிட்டன, அங்கே இருக்கும் பிள்ளைக்குப் பழகவில்லை. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள். நவம்பரில் இருந்து ஜனவரி வரை வாடைக்காற்று மழையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வைபை விழுந்தால் போன் டேட்டாவுக்குத் தாவ வேண்டும். இரண்டும் வெவ்வேறு கம்பனியாக இருப்பது புத்தி. ஸூம் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு 40 நிமிடத்துக்கு மேல் வைக்கவே கூடாது. பத்து வயதுக்குக் கீழே என்றால் 30.

முதல் சந்திப்பு

இலவசமாக 20 நிமிடம் கொடுங்கள். முதல் பாதி பெற்றோரோடு. மூன்று விடயம் கேளுங்கள். வீட்டில் யார் யாரோடு எந்த மொழியில் கதைக்கிறீர்கள்? பிள்ளை தமிழில் கதைக்க வேண்டிய ஒரு ஆளின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் யாரைச் சொல்வீர்கள்? அடுத்து ஊருக்கு வருவது எப்போது?

இரண்டாவது கேள்விக்கு ‘எல்லாரோடும்தான்’ என்று பதில் வந்தால் விடாதீர்கள். ஒரு ஆள் வேண்டும். அன்புவழிபுரத்தில் இருக்கும் அப்பம்மா என்றால், அப்பம்மா என்ன கதைப்பார் என்று கேளுங்கள். கோழி, பூக்கன்று, முழங்கால் நோ, நாடகம். அதுதான் உங்கள் பாடத்திட்டம். கடையில் விற்கும் எந்தப் புத்தகத்திலும் அந்த வரிசை கிடையாது.

மற்றப் பாதி பிள்ளையோடு. ‘உங்கட பெயர் என்ன?’ என்று தொடங்க வேண்டாம். அது எல்லாப் பிள்ளைக்கும் பாடம். உங்கள் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றைக் கமராவில் காட்டி ‘இது என்ன?’ என்று கேளுங்கள். அது ஆங்கிலத்தில் சொன்னாலும் தலையாட்டுங்கள். எவ்வளவு விளங்குகிறது என்று பார்ப்பதுதான் இப்போது வேலை.

வகுப்பு

எந்த வயது என்றாலும் ஒரு சட்டம்: உங்கள் வாயை விட மாணவரின் வாய் கூட நேரம் அசைய வேண்டும். தாய்மொழிக்காரருக்கு இது பெரிய சோதனை. எங்களுக்குச் சொற்கள் தாராளம், மௌனம் தாங்காது. கேள்வியைக் கேட்போம், இரண்டு செக்கன் பார்ப்போம், பிறகு நாங்களே பதிலையும் சொல்லிவிடுவோம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஐந்தில் பிள்ளை மேலே பார்க்கும். ஏழில் ஏதோ ஒரு சொல் வரும். அது அரைகுறையாக இருந்தாலும் அது அதன் சொல். கிழமைக்கு ஒரு தடவை உங்கள் குரலை மட்டும் போனில் பதிந்து கேட்டுப் பாருங்கள். பாதி நேரத்துக்கு மேல் உங்கள் குரலே கேட்டால் அந்த வகுப்பில் நீங்கள்தான் தமிழ் பழகியிருக்கிறீர்கள்.

எதைக் காட்டிக் கதைப்பது? திருகோணமலையில் இருப்பதன் வசதி இங்கேதான் தெரியும். பிரெட்ரிக் கோட்டை வாசலிலும் கடற்கரைப் பக்கமும் புள்ளிமான் திரிவது எங்களுக்குப் புதினமில்லை. ஸ்காபரோவில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு, றோட்டில் மான் நின்று கார்களை மறிப்பது மாயாஜாலம். பின்னேரம் ஒரு நிமிடக் காணொளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போடுங்கள்.

‘மான் எங்க நிக்குது?’
‘ரோட்டில.’
‘எத்தினை மான்?’
‘மூண்டு.’
‘பெரிய மான் என்ன செய்யுது?’
மௌனம். பிறகு ஆங்கிலத்தில் ஒரு சொல்.
‘ஓ, தின்னுது. என்ன தின்னுது?’
‘பேப்பர் தின்னுது!’
‘பேப்பர் நல்லதோ?’
‘இல்ல! மானுக்கு வருத்தம் வரும்!’

கடைசி வசனத்தைப் பாருங்கள். ‘மானுக்கு’ என்று சரியாக வந்திருக்கிறது. போன கிழமை ‘யாருக்கு’ விளையாட்டு விளையாடியதன் பலன். ‘தின்னுது’ என்ற சொல்லை நான் தனியாகப் படிப்பிக்கவில்லை. பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்லி, உடனே அதே சொல்லை வைத்து இன்னொரு கேள்வி கேட்டதோடு சரி. அடுத்த கிழமை அதே காணொளியைப் போட்டு ‘மான் என்ன செய்தது?’ என்று இறந்த காலத்தில் கேளுங்கள். அதற்கு அடுத்த கிழமை பிள்ளையே அம்மம்மாவுக்கு மான் கதையைக் குரல் பதிவாகச் சொல்லட்டும். ஒரு நிமிடக் காணொளியில் மூன்று கிழமைப் பாடம்.

ஊரில் இப்படி நிறையக் கிடைக்கும். கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். ‘இது அதைவிடச் சூடு, அது இதைவிடக் குறைவு’ என்று ஒப்பிட்டுக் கதைக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. கையை விட்டுப் பார்த்து முகத்தைச் சுளிக்கிற ஒரு காணொளி எடுங்கள். முகத்தைப் பார்த்து எது சூடு என்று பிள்ளை சொல்ல வேண்டும். மீன் சந்தையில் பாரையும் சூரையும் அறுக்குளாவும் நெத்தலியும் இருக்கின்றன: பெரிசு, சின்னது, நீளம், விலை. கோணேசர் கோயில் மலையில், இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லும் பிளவான இராவணன் வெட்டு இருக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் கதையைப் பாதி சொல்லி நிறுத்திவிட்டு ‘பிறகு என்ன நடந்திருக்கும்?’ என்று கேட்கலாம்.

பிள்ளையை நீங்கள் ‘நீங்க’ என்றே கூப்பிடுங்கள். அது கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லும். நீங்கள் ‘நீ எங்க போறாய்’ என்று பழக்கினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பப்பாவிடம் அதையே கேட்கும். பிறகு பெற்றோருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உங்களை அக்கா, அன்ரி, ரீச்சர், சேர் என்று எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்பதை முதல் நாளே தீர்மானித்துக் கொடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய நாடுகளில் இருக்கும் பிள்ளைகள் இதில் தடுமாறி, கூப்பிடாமலே இருந்துவிடுவார்கள்.

திருத்துவது

பேசிக்கொண்டிருக்கும்போது மறிக்கக் கூடாது. பிழையைக் கொப்பியில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்றை மட்டும் எடுங்கள். நாலாவது பிழை அடுத்த கிழமைக்கும் இருக்கும், அவசரமில்லை.

எந்த மூன்று? அம்மம்மாவுக்கு விளங்காமல் போகக்கூடிய மூன்று. நெடில் குறில் மாறினால் அர்த்தமே மாறும்: பல்லும் பாலும், கல்லும் காலும், படமும் பாடமும். இதில் கண்டிப்பாக இருங்கள். ழகரத்துக்காகப் பிள்ளையை வதைக்காதீர்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் ‘வாழைப்பழம்’ என்று எத்தனை பேர் ஒழுங்காகச் சொல்கிறார்கள் என்று ஒருநாள் நின்று கேட்டுப் பாருங்கள்.

பெற்றோர்

மாணவரை விடப் பெற்றோரைக் கையாள்வதுதான் கஷ்டம். இரண்டாவது கிழமையே ‘எழுத்து எப்ப தொடங்குவீங்கள்?’ என்று கேட்பார்கள். 247 எழுத்தையும் காட்டினால் படிப்பு நடப்பது போல ஒரு தோற்றம் வரும், கொப்பியில் காட்டலாம், முகநூலில் போடலாம். பேச்சுக்கு அப்படிக் காட்ட ஒன்றும் இல்லை. அதனால் மாதம் ஒருமுறை, பிள்ளை இரண்டு நிமிடம் தொடர்ந்து கதைக்கும் ஒரு குரல் பதிவைப் பெற்றோருக்கு அனுப்புங்கள். முதல் மாதப் பதிவையும் மூன்றாம் மாதப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் எழுத்துக் கேள்வி தானாக அடங்கும்.

கனடாவில் ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். 2016இல் அந்நாட்டு நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டது. நல்ல விடயம்தான். ஆனால் டிசம்பர் வந்ததும் ‘பேச்சுப் போட்டிக்கு ஒரு பேச்சு எழுதி மனப்பாடம் செய்ய வையுங்கோ’ என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள், அல்லது அதைத் தனி வகுப்பாக வைத்துத் தனிக் கட்டணம் வாங்குங்கள். செந்தமிழில் மூன்று நிமிடம் ஒப்புவித்துவிட்டு இறங்கி வந்து ‘தண்ணி வேணும்’ என்று கேட்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளையை உருவாக்க நீங்கள் தேவையில்லை.

பாதுகாப்பு விடயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. வகுப்பு நடக்கும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் காது கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். பிள்ளையின் சொந்தப் போன் இலக்கத்துக்குச் செய்தி அனுப்பக் கூடாது, எல்லாம் பெற்றோர் வழியாக. எழுத்தில் அனுமதி வாங்காமல் பிள்ளையின் முகத்தையோ குரலையோ பதியக் கூடாது. விளம்பரத்துக்கு முகநூலில் போடவே கூடாது. இவற்றை முதல் நாளே நீங்களாகச் சொன்னால் பெற்றோருக்கு உங்கள் மேல் மதிப்பு ஏறும்.

மாணவரைப் பிடிப்பதும் காசும்

ஐடோக்கி, ப்ரெப்ளி போன்ற மொழி படிப்பிக்கும் இணையத் தளங்களில் தமிழ் ஆசிரியராகப் பதியலாம். ஐடோக்கியில் சான்றிதழ் உள்ளவர்களுக்கு ஒரு பிரிவும், தாய்மொழிக்காரராக மட்டும் இருப்பவர்களுக்கு இன்னொரு பிரிவும் உண்டு. ப்ரெப்ளி ஒவ்வொரு புதிய மாணவரின் முதல் பரீட்சார்த்தப் பாடத்தின் கட்டணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு 33 வீதம் கழிக்கும், நீங்கள் படிப்பித்த மணித்தியாலம் கூடக்கூட அது 18 வீதம் வரை இறங்கும். 10 டொலர் வகுப்பென்றால் ஆரம்பத்தில் கையில் 6.70. வளர்ந்த மாணவர்கள் அங்கே கிடைப்பார்கள். பிள்ளைகள் அங்கே கிடைப்பது குறைவு. பிள்ளைகள் சித்தியின் சிநேகிதி, பழைய மாணவர் சங்கத்து வட்ஸ்அப் குழு என்ற வழியாகத்தான் வருவார்கள். உங்கள் பாடசாலையில் படித்தவர்கள் எந்த நாட்டில் சங்கம் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், ஒரு நிமிடக் காணொளியில் உங்களை அறிமுகப்படுத்தி அனுப்புங்கள்.

கட்டணத்தை அவர்கள் நாட்டு நாணயத்தில் சொல்லுங்கள். நாலு வகுப்பு ஒரு கட்டாக, முற்பணமாக. 24 மணித்தியாலத்துக்கு முன்பே சொல்லாமல் வராவிட்டால் அந்த வகுப்பு முடிந்ததாகக் கணக்கு. சொந்தக்காரருக்கும் இதே விதிதான். ‘நீ எங்கட பிள்ளைதானே’ என்று தொடங்கும் பேச்சு இலவச வகுப்பில்தான் முடியும். சகோதரர்கள் இருவர் வந்தால் இரண்டாமவருக்குக் குறைக்கலாம். இருவரையும் ஒன்றாக இருத்தினால் மூத்தது மட்டும்தான் கதைக்கும் என்பதால் நேரத்தைப் பிரித்துவிடுங்கள்.

காசு வங்கிக்கு வர வேண்டும். வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு திறக்கலாம். பேயோனியர் என்ற இணையப் பணச் சேவை வழியாக வரும் காசையும் வங்கிக்கு எடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் கட்டணம் வெட்டுவார்கள் என்பதால் கிழமைக்குக் கிழமை வாங்காமல் மாதமாகவோ காலாண்டாகவோ வாங்குங்கள். ‘உண்டியலில் போட்டு விடுறன், நாளைக்கே கையில கிடைக்கும்’ என்று சிலர் சொல்வார்கள். வங்கியைத் தொடாமல் ஆள் வழியாகக் காசு கைமாற்றும் அந்த முறை சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒருபுறம். நாளைக்குக் கடன் எடுக்கவோ விசாவுக்கு விண்ணப்பிக்கவோ போனால் உங்களுக்கு வருமானம் இருந்ததற்கே சாட்சி இருக்காது. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் வருமான வரி விலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். வெளிநாட்டுக்குக் கொடுக்கும் சேவைக்காக வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வரும் வருமானத்துக்கு உச்ச வரி 15 வீதம். வரி கட்டும் அளவுக்கு உழைக்கிறீர்களோ இல்லையோ, வரி இலக்கத்தை எடுத்து வைத்து, வந்த காசை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வாருங்கள்.

ஊருக்குள் இருக்கும் மாணவர்கள்

திருகோணமலை கிழக்கு மாகாணத்தின் தலைநகரம். கச்சேரி (மாவட்டச் செயலகம்), மாகாண சபை அலுவலகங்கள், நீதிமன்றம், ஆஸ்பத்திரி, பொலிஸ் என்று எங்கும் சிங்களம் பேசும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 2007 யூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியில் ஐந்து ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று 7/2007 சுற்றறிக்கை சொன்னது. விதிகள் பிறகு திருத்தப்பட்டாலும் தேவை அப்படியேதான் இருக்கிறது. இவர்களுக்குப் படிப்பிக்க உங்களுக்கும் ஓரளவு சிங்களம் வேண்டும்.

ஒரு சுவாரசியம் இருக்கிறது. ரொறன்ரோப் பிள்ளை மாதக்கணக்கில் தடுமாறும் ‘எனக்குப் பசிக்குது’ இவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் வரும்; சிங்களத்திலும் அது ‘எனக்கு’ என்றுதான் தொடங்கும். வசன ஒழுங்கும் ஏறக்குறைய எங்களுடையதே. ஆனால் பேச்சுச் சிங்களத்தில் நான் போனாலும் நீ போனாலும் அவர் போனாலும் வினைச்சொல் மாறாது. அதனால் போறன், போறாய், போறார் என்று வால் மாறும் இடத்தில்தான் விழுவார்கள். பாடத்தின் பாரத்தை அங்கே வையுங்கள். சொற்களை அவர்கள் மேசையில் இருந்து எடுங்கள். தாதி என்றால் ‘எங்க நோகுது?’, ‘எத்தினை நாளா?’, ‘குளிசை போட்டீங்களா?’. கச்சேரி என்றால் ‘அடையாள அட்டை கொண்டு வந்தீங்களா?’, ‘எந்தக் கிராம சேவையாளர் பிரிவு?’. கேள்வி கேட்பதை விட, நோயாளி விடுவிடென்று சொல்லும் பதிலை விளங்கிக்கொள்வது கடினம். ஆகவே வகுப்பில் நீங்கள் நோயாளியாக இருங்கள், முனகிக்கொண்டு அரைகுறையாகப் பதில் சொல்லுங்கள்.

உப்புவெளி வெளிநாட்டவர்கள் மே முதல் செப்டெம்பர் வரைதான். ஆறு மணித்தியாலக் கட்டு ஒன்று போதும்: கும்பிடு, இலக்கம், விலை, சாப்பாடு, ஓட்டோவுக்கு வழி சொல்வது. கடைசி வகுப்பைச் சந்தையில் வையுங்கள். அதற்கு முதல் நாள் மீன்காரரிடம் போய்ச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மாணவர் பாடுபட்டு ‘பாரை கிலோ என்ன விலை?’ என்று கேட்க, அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லி எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு விடுமுறைக்கு வந்து நிற்கும் சொந்தக்காரர் யாராவது ‘நானும் உன்னோட சேர்ந்து இங்கிலிஷ் கிளாஸ் வைக்கிறன்’ என்று சொன்னால், சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது என்பதை நினைவூட்டுங்கள்.

யூலை, ஓகஸ்ட்

ஐரோப்பாவிலும் கனடாவிலும் நீண்ட விடுமுறை. வகுப்புகள் பாதியாகும், வருமானமும்தான். அதற்காக மே மாதமே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பல குடும்பங்கள் அந்த நேரத்தில் ஊருக்கு வரும். திருகோணமலைக்கே வந்தால் நேரடி வகுப்பு என்று மேசையில் இருத்தாதீர்கள். ஒரு துண்டில் ஐந்து சாமான் எழுதிக் கொடுத்து, அப்பம்மாவோடு கடைக்கு அனுப்புங்கள். நீங்கள் பின்னால் போங்கள், வாய் திறக்காமல். கடைக்காரர் என்ன கேட்டார், பிள்ளை எங்கே தடக்கியது என்று குறித்தால் ஒக்ரோபர் வரைக்குமான பாடம் கிடைத்துவிடும். குடும்பம் திரும்பிப் போக முன்னரே செப்டெம்பரில் வரும் முதல் வகுப்பின் நாளையும் நேரத்தையும் அவர்களுடைய மணிக்கூட்டில் எழுதிக் கொடுத்து, அடுத்த நாலு வகுப்புக்கான முற்பணத்தையும் வாங்கிவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு பாடசாலை தொடங்கும், நீச்சல் வகுப்பு, பியானோ வகுப்பு எல்லாம் வரும், உங்களுக்கு மிஞ்சுவது ஞாயிறு இரவு பத்தரை மணியாகத்தான் இருக்கும்.